எண்ணெய் தின்னும் நுண்ணுயிரும் எண்ணூர் வாளியும்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் இன்று கடல் இல்லை. ஆனால் காரையில் கிடைக்கும் கடல்வாழ் உயிரினப் படிமங்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது கடலாக இருந்ததைக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட பழங்கடல்களில் மடிந்த நுண்ணுயிர்கள்தான் பெட்ரோலியம் ஆயின. 2021 ஜூனில் அரியலூர் மாவட்டத்தில் 10 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டதும், அது மறுக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். எண்ணெய் வந்தால் கூடவே எண்ணெய்க் கழிவும் வருமே, அதை என்ன செய்வது?

நுண்ணுயிரால் ஆன எண்ணெயை நுண்ணுயிரே தின்னும் என்பதுதான் வேடிக்கை! மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அப்படியொரு பாக்டீரியாவை உருவாக்கி, 1972ல் காப்புரிமை கேட்டார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமையா என்று வழக்கு நீண்டது. 1980 ஜூன் 16ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவே இல்லை. (அது வாழ்வதெல்லாம் காப்புரிமைச் சட்டப் புத்தகங்களில்தான்.)

இந்தியாவில் டெல்லியின் 'டெரி' நிறுவனம் வேறு வழியில் போனது. மரபணுவைத் தொடாமல், இயற்கையில் கிடைத்த ஐந்து பாக்டீரியா வகைகளைச் சேர்த்து, மக்காச்சோளத் தக்கைப் பொடியில் ஏற்றி, 'ஆயில்ஜாப்பர்' என்று பெயரிட்டது. சுத்திகரிப்பு ஆலைக் கழிவுகளில் இது பயன்பட்டது. காற்றும் ஈரமும் சத்தும் கிடைத்தால் பாக்டீரியா எண்ணெயைச் சிதைத்து நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். மெதுவாகத்தான். மாதக் கணக்காகும்.

தமிழ்நாட்டில் இந்த முறைக்குப் பெரிய சோதனை 2017 ஜனவரி 28ல் வந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதின. கசிவே இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது! கரையிலோ பாறை இடுக்கெல்லாம் தார் போலக் கட்டியாக எண்ணெய். உறிஞ்சும் இயந்திரங்கள் திணறின. மாணவர்களும் மீனவர்களும் தொழிலாளர்களும் வரிசையாக நின்று வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். அப்படி அள்ளிச் சேர்த்த கழிவுக்குத்தான் பிறகு இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவின் பாக்டீரியா வந்தது. தொழில்நுட்பம் தோற்றது என்று இதைச் சொல்ல முடியாது. அதன் வேலையே அள்ளியபின்தான் தொடங்குகிறது. ஆனால் செய்திகளில் பாக்டீரியாவுக்குக் கிடைத்த பெயர், அள்ளிய கைகளுக்குக் கிடைத்ததா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியது. அப்போதும் படகுகளில் போய் அள்ளியவர்கள் எண்ணூர் மீனவர்கள். கையில் அதே வாளி.