'கோ' என்ற ஓரெழுத்து



கரும்பு போட்டிருக்கிறவரிடம் "என்ன ரகம்?" என்று கேட்டால், "கோ 86032" என்று சட்டென்று பதில் வரும். அதில் முன்னால் நிற்கிற 'கோ' என்ன? கோயமுத்தூரின் முதலெழுத்துங்க. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் பெயர் டி.எஸ். வெங்கட்ராமன்.

1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. முதலில் தலைமை வகித்தவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். அவரிடம் வேலை பார்த்த வெங்கட்ராமன், பிறகு அந்த நிலையத்தையே நடத்தினார். அப்போது நம் நாட்டுக்குச் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. வடக்கே விளைந்த கரும்போ மெலிந்தது, விளைச்சலும் குறைவு. நம் பக்கத்துப் பருத்த கரும்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காது.

கரும்பு பூத்துவிட்டால் நமக்கு மனசு சுருங்கிப்போகும். ஆனால் புது ரகம் உண்டாக்குகிறவருக்குப் பூதான் முதல். வடக்கே கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோயமுத்தூரில் நன்றாகப் பூக்கும். அங்கே 'வெள்ளை' என்ற பருத்த கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். ஆமாம், ஆற்றங்கரையில் தானாக முளைக்கிற அதே நாணல்தான்! அதில் இனிப்பு இல்லை. ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும் உரம் இருக்கிறது. அப்படிப் பிறந்த கோ 205, 1918-ல் பஞ்சாப் விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எத்தனையோ 'கோ' ரகங்கள் வந்துவிட்டன. நாணலின் இரத்தம் இன்றைய கரும்பிலும் ஓடுகிறது.

வெங்கட்ராமன் 1963-ல் காலமானார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் கரும்பு வயலில் இறங்கினால் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு எண்ணம் எனக்கு வரும். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். நெல்லுக்கு விதை, கரும்புக்குக் கரணை. ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேடி ஒன்றைப் பொறுக்குகிறார். அந்த ஒன்றை வெட்டி வெட்டி நட்டதுதான் ரகம். கோ 86032 என்ற எண்ணில் 86 என்பது 1986-ஆம் ஆண்டு. அன்று தேர்ந்தெடுத்த அந்த ஒரே தூரின் துண்டுதான் இன்று உங்கள் பாரில் நிற்கிறது. அவர் தொடங்கிவைத்த வேலையின் கடைசிக் கண்ணி உங்கள் கையில் இருக்குதுங்க.

அதில் ஆபத்தும் உண்டு. எல்லாம் ஒரே உடம்பானதால், ஒன்றை வீழ்த்தும் நோய் அத்தனையையும் வீழ்த்தும். வடக்கே 2009-ல் வெளியான கோ 0238 வயலெல்லாம் பரவியது. பின்னால் செவ்வழுகல் நோய் வந்து பெரிய சேதம் செய்தது. அந்த நோய் கரணை வழியாகவே ஊர்விட்டு ஊர் போகும்.

ஆகவே, விதைக்கென்று வளர்த்த 6 முதல் 8 மாதப் பயிரிலிருந்து கரணை எடுங்கள். சந்தேகப்பட்ட கரும்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, சாராய வாடை அடித்தால் அந்த வயலில் ஒரு கரணைகூட எடுக்காதீர்கள். இரக்கப்பட்டுப் பக்கத்து வயல்காரருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வெங்கட்ராமனுக்கு நாம் செய்கிற மரியாதை மாலை போடுவதல்ல. நல்ல கரணையை அடுத்தவர் கைக்குச் சேர்ப்பதுதான்.