நம்பகமான எஞ்சின்கள்

அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் மூன்று எஞ்சின் பெயர்கள் விடாமல் துரத்தும்: டெட்ராய்ட் டீசலின் சீரீஸ் 60, கேட்டர்பில்லரின் 3406ஈ, கம்மின்ஸின் என்14. மூன்றுமே தொண்ணூறுகளில் கொடிகட்டிப் பறந்தவை, உற்பத்தி எப்போதோ நின்றுபோனவை. ஆனாலும் சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்கள் (நம்மூரில் ‘ஓனர் கம் டிரைவர்’ என்போமே, அவர்கள்தான்) இன்னமும் இவற்றைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வெறும் பழைய ஞாபகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதில் கணக்கு இருக்கிறது.

நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு வண்டி படுத்தால் நூற்றில் ஒன்று. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அன்றைக்கு வருமானமே கிடையாது, தவணை மட்டும் நிற்காது. அதனால் எஞ்சின் தேர்வில் குதிரைத்திறன் அவருக்கு இரண்டாவது கேள்வி. நடுவழியில் நின்றால் யாரால் சரிசெய்ய முடியும் என்பதுதான் முதல் கேள்வி. இந்த மூன்றிலும் சிலிண்டர் லைனர்களைத் தனியாகக் கழற்றலாம். லட்சக்கணக்கான மைல் ஓடித் தேய்ந்தபின், எஞ்சினைச் சேஸிலிருந்து இறக்காமலே ஹெட்டைக் கழற்றி லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுவிடலாம். எஞ்சினுக்கு இன்னொரு ஆயுள்.

அந்த லைனருக்கு ஒரு விசித்திரமான எதிரி உண்டு. அதன் வெளிப்புறத்தைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. உள்ளே டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் லைனர் மணியைப் போல அதிரும். அந்த அதிர்வில் கூலன்டில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி லைனர் மேலேயே உடையும். உடையும் குமிழ் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கும். விட்டால் ஊசித்துளை விழுந்து கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இதைத் தடுக்க நைட்ரைட் உள்ள சேர்மானத்தைக் கூலன்டில் கலப்பார்கள். அது குறைந்துவிட்டதா என்று நிறம் மாறும் பட்டையை முக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில்லறைச் செலவுதான். சோம்பல்பட்டால் எஞ்சினே போச்சு.

கியர் பாக்ஸிலும் இதே புத்தி. ஈட்டன் ஃபுல்லரின் 10, 13, 18 கியர் பெட்டிகளில் சிங்க்ரோனைசர் கிடையாது. தேய்வதற்கு ஒரு பாகம் குறைவு, பதிலுக்கு ஓட்டுநரின் காது உழைக்க வேண்டும். ஆர்பிஎம் சரியான இடத்துக்கு இறங்கும் நொடியில் கியர் வெண்ணெய் மாதிரி விழும், ஒரு நொடி தப்பினால் பல்லைக் கடிக்கும்.

என் தொழில் இந்தக் கதைக்குள் நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. இவற்றைக் கம்ப்யூட்டர் தொல்லை இல்லாத காலத்து எஞ்சின்கள் என்று நினைத்துக்கொள்வது சுலபம். உண்மையில் கம்ப்யூட்டர் உள்ளே வந்து உட்கார்ந்ததே இந்தத் தலைமுறையில்தான். டெட்ராய்ட் அதற்கு முன் விற்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் டீசலை மொடாக்குடியாகக் குடித்துவிட்டு ஊரே அலறக் கத்தும். 1987இல் வந்த சீரீஸ் 60இலோ எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதை மென்பொருள் முடிவு செய்தது. மைலேஜ் ஏறியது.

டீசலைச் சற்று முன்கூட்டியே பீய்ச்சினால் மைலேஜ் கூடும். கூடவே எரிதலின் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும். அரசு சோதனை சுமார் 20 நிமிடம், வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையிலோ மணிக்கணக்கில் ஒரே வேகம். இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள ஒரு ‘இஃப்’ நிபந்தனை போதும். சோதனையில் சமர்த்து, சாலைக்கு வந்ததும் முன்கூட்டிய பீய்ச்சல். ஃபோக்ஸ்வாகன் 2015இல் மாட்டியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1998 அக்டோபரில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதே குற்றச்சாட்டுடன் ஏழு நிறுவனங்களோடு ஒப்பந்தத்துக்கு வந்தது. டெட்ராய்ட், கேட்டர்பில்லர், கம்மின்ஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. சுமார் 13 லட்சம் எஞ்சின்கள், 8.34 கோடி டாலர் அபராதம். நிறுவனங்கள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆக, ஓனர் டிரைவர்கள் இன்றும் புகழும் அந்த மைலேஜில் ஒரு பங்கு, யாரோ ஒரு பொறியாளர் எழுதிய அந்த நிபந்தனையில் இருந்து வந்தது. எஞ்சினை ரீபில்ட் செய்யும்போது திருத்திய மென்பொருளை ஏற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. மைலேஜ் குறையும் என்று தெரிந்தால் யார் தானாக முன்வந்து ஏற்றுவார்கள்? 2004இல் வரவேண்டிய புதிய விதிகளும் 2002 அக்டோபருக்கே முன்தள்ளப்பட்டன. விஷயம் தெரிந்தவர்கள் அதற்குள் பழைய வகை எஞ்சின் போட்ட வண்டிகளை அவசரமாக வாங்கிப்போட்டார்கள். பின்னால் ஈஜிஆர் வந்தது, 2007இல் புகை வடிகட்டி, 2010இல் யூரியா கரைசல். 2008இலேயே கேட்டர்பில்லர், நெடுஞ்சாலை எஞ்சின் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது.

காற்று சுத்தமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற ஓட்டுநரின் நுரையீரலும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் அதன் விலையை யார் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். யூரியா அமைப்பில் ஒரு சென்சார் கெட்டால், 36 டன் வண்டியின் வேகத்தை மென்பொருளே படிப்படியாகக் குறைத்து, கடைசியில் மணிக்கு 5 மைலில் கட்டிப்போடும். பெரிய நிறுவனம் மாற்று வண்டி அனுப்பும். ஒற்றை வண்டிக்காரர் டீலர் வாசலில் வரிசையில் நிற்பார். கோளாறைப் படிக்கும் மென்பொருள் டீலரிடம் இருக்கிறது.

இதற்கு அவர்கள் கண்ட வழி ‘கிளைடர்’. புத்தம்புதுக் கேபினும் சேஸும் வாங்கி, உள்ளே ரீபில்ட் செய்த பழைய சீரீஸ் 60ஐயும் பழைய கியர் பாக்ஸையும் பொருத்துவது. விபத்தில் நொறுங்கிய வண்டியின் நல்ல எஞ்சினைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு இது. ஆண்டுக்குச் சில நூறு என்றிருந்தது 2010க்குப் பின் பல ஆயிரமானது. 2016இல் முகமை ஒரு சிறு தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு 300 என்று வரம்பு போட்டது.

2017 டிசம்பரில், ஓட்டுநரின் பணிநேரத்தை எஞ்சினோடு இணைந்த கருவி பதிய வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. 2000க்கு முந்தைய மாடல் எஞ்சின்களுக்கு விலக்கு. அவற்றின் கம்ப்யூட்டரிலிருந்து தேவையான தரவு கிடைக்காமல் போகலாம் என்பது காரணம்.