பேர் எழுதாத கல்லறை

வரலாற்றுப் புத்தகத்துல நெப்போலியன் கதை வாட்டர்லூவோட முடிஞ்சிடும். அப்புறம் 'செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்'னு ஒத்தை வரி. அந்தத் தீவு இத்தாலி பக்கம்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். (அது எல்பா. முதல் தடவை அனுப்பின இடம். பத்து மாசத்துல தப்பிச்சுட்டார்.)

ரெண்டாவது தடவை பிரிட்டிஷ்காரங்க அசரலை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1900 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்லாண்டிக் நடுவுல, 122 சதுர கிலோமீட்டர்ல ஒரு எரிமலைத் தீவு. கிழக்கிந்தியக் கம்பெனியோட சொத்து. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கப்பல்கள் தண்ணி பிடிக்கிற இடம். 1805ல் அப்படித் திரும்பின ஒருத்தர் இங்கே இறங்கித் தங்கிட்டுப் போனார். ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளில் வாட்டர்லூவில் ஜெயிச்ச அதே வெலிங்டன்!

1815 அக்டோபர் 15ல் நெப்போலியன் வந்து சேர்ந்தார். லாங்வுட் மாளிகை தயாராகாததால் முதல் ரெண்டு மாசம் பால்கோம்ப் குடும்பத்தோட தோட்டத்தில் ஜாகை. அங்கே டோபின்னு ஒரு வயசான மலாய்க்காரர் தோட்டவேலை பார்த்தார். அடிமை. அவர்மேல் நெப்போலியனுக்குப் பிரியம். விலை கொடுத்து விடுவிக்க ஆசைப்பட்டார். நடக்கலை. நல்ல மனசுதான். ஆனா 1802ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தவரும் இதே மனுஷன்தானே? இந்த இடத்துல படிக்கிறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லாங்வுட்ல ஈரமும் எலியும். 1816ல் கவர்னரா வந்த ஹட்சன் லோவுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். பேரரசர்னு கூப்பிட மாட்டார், வெறும் ஜெனரல் போனபார்ட். 1821 மே 5ல் இறந்த பிறகும் சண்டை ஓயலை. கல்லறையில் 'நெப்போலியன்'னு மட்டும் போடணும்னு கூட இருந்த பிரெஞ்சுக்காரங்க சொல்ல, 'போனபார்ட்'டும் சேரணும்னு லோ பிடிவாதம் பிடிக்க, கடைசியில் எதுவுமே எழுதாம மூடிட்டாங்க.

1840 அக்டோபர் 15. வந்து சேர்ந்து சரியா 25 வருஷம். கல்லறையைத் திறந்து உடலை எடுத்து, ராஜ மரியாதையோட பாரிசுக்குக் கொண்டுபோனாங்க.

அதே 1840ல்தான் இன்னொரு கதை ஆரம்பிக்குது. அடிமைக் கப்பல்களை பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் மடக்கி இந்தத் தீவுக்குக் கொண்டுவர ஆரம்பிச்சது. அடுத்த சில பத்தாண்டுகளில் கரையிறங்கின ஆப்பிரிக்கர்கள் 25,000 பேருக்கு மேல. அம்மை, வயித்துப்போக்கு, பட்டினி... சுமார் 8000 பேர் அங்கேயே செத்துப்போனாங்க. ரூப்பர்ட்ஸ் பள்ளத்தாக்கில் குழி வெட்டி, ஒரே குழியில் பல பேரைக்கூடப் புதைச்சிருக்காங்க. இவங்க பேரை எப்படிப் போடறதுன்னு யாரும் சண்டை போடலை.

விமான நிலையத்துக்கு ரோடு போடறதுக்காக 2008ல் தோண்டினப்போ 325 பேரோட எலும்புகள் வெளியே வந்தது. நிறைய குழந்தைங்க. விமான நிலையம் கட்டி முடிச்சு, 2017 அக்டோபரில் முதல் பயணிகள் விமானச் சேவையும் தொடங்கிடுச்சு. எலும்புகள் பெட்டிகளில் காத்திருந்தது. 2022ல்தான் மறுபடி அடக்கம் செஞ்சாங்க.

நெப்போலியனோட காலிக் கல்லறையையும் லாங்வுட்டையும் பிரான்ஸ் 1858லேயே காசு கொடுத்து வாங்கிடுச்சு. உள்ளே ஒண்ணுமில்லாத அந்தக் கல்லைச் சுத்தி இன்னிக்கும் வேலி போட்டுப் பாதுகாக்கறாங்க.