ஆறாம் திணையின் மாந்தர்: கனடியப் பூர்வகுடிப் புனைகதைகளும் தமிழ் வாசிப்பும்

முன்னுரை

புலம்பெயர் தமிழிலக்கியம் பற்றிய ஆய்வுகளில் ‘ஆறாம் திணை’ என்னும் தொடர் சில பத்தாண்டுகளாக வழங்கி வருகிறது. ஐந்திணைப் பாகுபாட்டினுள் அடங்காத பனியும் பனிசார்ந்த நிலமும் ஈழத்தமிழர் வாழ்வில் புதிதாக இடம்பெற்றமையை இத்தொடர் சுட்டுகிறது. கனடாவில் எழுதப்பெற்ற தமிழ்ப் படைப்புகளை விளக்க இது பெரிதும் பயன்பட்டுள்ளது. எனினும் திணை என்பது நிலத்தையும் தட்பவெப்பத்தையும் மட்டும் குறிப்பதன்று. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. குறிஞ்சிக்குக் குறவர், முல்லைக்கு ஆயர், நெய்தலுக்குப் பரதவர் என நிலத்துக்குரிய மாந்தரும் மரபில் சுட்டப்பெறுவர். அவ்வாறாயின், பனிநிலத்தைத் திணையெனக் கொள்ளுங்கால் அதன் மாந்தர் யாவர் என்னும் வினா எழுகிறது. கனடியப் பூர்வகுடி எழுத்தாளர்களின் புனைகதைகள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன. அவற்றை வாசிக்காமல் கனடியத் தமிழ்ப் புனைகதையின் நிலப்பின்னணியை முழுமையாக மதிப்பிட இயலாது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் கனடிய இலக்கியம்

கனடிய இலக்கிய வாசிப்பு இந்தியக் கல்விப்புலத்தில் வேரூன்றுவதற்கு நிறுவனங்களின் ஆதரவு துணைநின்றது. 1968இல் தோற்றுவிக்கப்பெற்ற சாஸ்திரி இந்திய-கனடிய நிறுவனம் இருநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் இணைத்தது. வட அமெரிக்க இலக்கியம் முழுவதற்கும் ஹைதராபாத் ஒரு முதன்மையான மையமாக விளங்கியது. நகரின் கிழக்கே உப்பலை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் 1964இல் அமெரிக்க ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அதன் நூலகத்தை நாடி வந்தனர். அதற்கு அணித்தே, 1958இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் 2007இல் நடுவண் பல்கலைக்கழகமான ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனமும் அமைந்துள்ளது.

தொடக்கக் காலத்தில் கனடிய இலக்கியம் என்றால் மார்கரெட் லாரன்ஸ், மார்கரெட் அட்வுட் முதலிய ஐரோப்பிய வழிவந்த எழுத்தாளர்களே முன்னிறுத்தப்பெற்றனர். 1990களில் தலித் எழுத்தும் பழங்குடியினர் எழுத்தும் இந்திய இலக்கியத் துறைகளில் கவனம் பெற்ற சூழலில், பூர்வகுடி எழுத்தாளர்களின் மீதும் பார்வை திரும்பியது. வெளிநாடுகளில் கனடிய ஆய்வுகளுக்கு நிதியளித்து வந்த ‘கனடாவைப் புரிந்துகொள்ளல்’ என்னும் திட்டத்தைக் கனடிய அரசு 2012இல் கைவிட்டது. எனினும் பூர்வகுடிப் புனைகதைகள் தொடர்ந்து வாசிக்கப்பெற்று வருகின்றன. இவ்வாசிப்பு அரசு நிதியை மட்டும் சார்ந்ததன்று. இந்திய வாசகர் தம் சமூகத்திலேயே கண்ட நிலப்பறிப்பும் இழிவும் இதற்குக் காரணமாயின எனலாம்.

பள்ளியும் புனைகதையும்

கனடியப் பூர்வகுடிப் புனைகதைகளின் வரலாற்றுப் பின்புலத்தில் உண்டுறைப் பள்ளிகள் முதன்மையான இடம்பெறுகின்றன. 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் பூர்வகுடியினரை அரசின் காப்பிற்குட்பட்டவர்களாக வரையறுத்தது. கிறித்தவத் திருச்சபைகள் அரசின் நிதியுடன் நடத்திய பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பெற்று அனுப்பப்பட்டனர். 1920ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதனைக் கட்டாயமாக்கியது. தாய்மொழி பேசுதல் அங்குத் தண்டனைக்குரிய செயலாயிற்று. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இப்பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். கடைசிப் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பெற்றன. 2008இல் கனடியத் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2015இல் தன் பணியை நிறைவுசெய்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என வரையறுத்து, 94 பரிந்துரைகளை முன்வைத்தது.

அரசு ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தாளர்கள் இவ்வரலாற்றைப் பதிவுசெய்தனர். பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த மெட்டிஸ் மரபைச் சேர்ந்த மரியா கேம்ப்பெல் 1973இல் ‘ஹாஃப்பிரீட்’ என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். காவலர் ஒருவரால் தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையை அவர் எழுதிய பகுதி பதிப்பின்போது நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அது மீண்டும் இடம்பெற்றது. பூர்வகுடியினர் எழுதத் தொடங்கிய பின்னரும் எதனை அச்சிடலாம் என்பதைப் பிறரே முடிவுசெய்தனர் என்பதற்கு இந்நூலின் பதிப்பு வரலாறு சான்றாகும். 1983இல் வெளிவந்த பியட்ரிஸ் கல்ட்டனின் ‘இன் சர்ச் ஆஃப் ஏப்ரல் ரெயின்ட்ரீ’ அயலார் வீடுகளில் வளர்க்கப்பட்ட மெட்டிஸ் சகோதரிகள் இருவரின் கதையைக் கூறுகிறது. க்ரீ இனத்தைச் சேர்ந்த டாம்சன் ஹைவேயின் ‘கிஸ் ஆஃப் த ஃபர் க்வீன்’ (1998), ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வாகமீஸின் ‘இந்தியன் ஹார்ஸ்’ (2012), க்ரீ இனத்தைச் சேர்ந்த மிஷெல் குட்டின் ‘ஃபைவ் லிட்டில் இந்தியன்ஸ்’ (2020) ஆகியன உண்டுறைப் பள்ளியின் வடுக்களை நேரடியாகப் பொருளாகக் கொண்டவை.

ஒப்பீட்டின் எல்லை

இந்நாவல்களை ஹைதராபாத்தில் வாசிப்போர்க்கு அந்நிலப்பகுதியின் கோண்டு மக்களது வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பே. நிஜாம் ஆட்சியின் காட்டுச் சட்டங்களையும் வரிகளையும் எதிர்த்துப் போராடிய கோமரம் பீம் 1940இல் ஜோடேகாட்டில் கொல்லப்பட்டார். சாஹு, அல்லம் ராஜய்யா ஆகிய இருவரும் இணைந்து எழுதிய தெலுங்கு நாவல் அவர் வரலாற்றைப் புனைகதையாக்கியது. 2016இல் உருவாக்கப்பெற்ற மாவட்டம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஆயினும் இரு வரலாறுகளும் ஒன்றல்ல. அக்கிளர்ச்சிக்குப் பின்னர் கோண்டு மக்களிடையே ஆய்வு மேற்கொண்ட மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப், 1943இல் மார்லவாயில் கோண்டு ஆசிரியர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். அங்குக் கோண்டி மொழியிலேயே பாடநூல்கள் உருவாக்கப்பெற்றன. கனடியப் பள்ளி பிள்ளையின் மொழியை அழிக்க முயன்றது; மார்லவாய் முயற்சி பிள்ளையின் மொழியையே கல்விக்கு வாயிலாகக் கொண்டது. அம்முயற்சியும் ஓர் அரசின் ஆளுகைத் தேவையிலிருந்து பிறந்ததே என்பதையும் மறத்தற்கில்லை. இத்தகைய வேறுபாடுகளைக் கருதாது பழங்குடித் துயரம் எங்கும் ஒன்றே எனக் கூறும் ஒப்பீடு ஆய்வுக்கு உதவாது.

எழுதுவோர் யார் என்பதும் கருதத்தக்கது. படகர் வாழ்வைக் கூறும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’, சோளகர் பட்ட வதைகளைக் கூறும் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) ஆகியன தமிழ் நாவலுக்கு வளம் சேர்த்தவை. ஆயினும் அவை அம்மக்களின் புறத்தே நின்று எழுதப்பெற்றவை. மேற்சுட்டிய கனடியப் புனைகதைகள் அகத்தே நின்று எழுதப்பெற்றவை.

கனடியத் தமிழ்ப் புனைகதை

1983ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனவன்முறைக்குப் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையினராகக் கனடாவில் குடியேறினர். 1986 ஆகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் மீட்கப்பட்டனர். 2010 ஆகஸ்டில் 492 பேருடன் ‘சன் சீ’ என்னும் கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. இவ்வருகைகளின் பின்னணியில் ஓர் எழுத்து மரபு உருவாயிற்று. 1990இல் டொரொண்டோவில் தொடங்கப்பெற்ற ‘காலம்’ இதழும், 2001இல் நிறுவப்பெற்ற கனடா தமிழ் இலக்கியத் தோட்டமும் அதற்குத் துணைநின்றன. அ. முத்துலிங்கம், தேவகாந்தன் முதலியோர் தமிழிலும், ஷியாம் செல்வதுரை, ஷரன் பாலா முதலியோர் ஆங்கிலத்திலும் எழுதினர்.

செல்வதுரையின் ‘த ஹங்ரி கோஸ்ட்ஸ்’ (2013) கொழும்பையும் ஸ்கார்பரோவையும் இணைத்துச் செல்கிறது. கப்பல் அகதிகளைப் பற்றிய ஷரன் பாலாவின் ‘த போட் பீப்பிள்’ (2018) அகதியின் வழக்கை விசாரிக்கும் அலுவலராக ஜப்பானிய மரபினளான கனடியப் பெண்ணொருத்தியைப் படைத்துள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய மரபினர் தடுத்துவைக்கப்பட்ட வரலாறு இதன்வழி அகதியின் வழக்கோடு இணைகிறது. புதிதாக வந்தோர் கதை, வந்த நாட்டின் பழைய அநீதியோடு சேர்த்து வாசிக்கப்பெற வேண்டும் என்பதனை இந்நாவலின் அமைப்பே உணர்த்துகிறது. அதே முறையைப் பூர்வகுடி வரலாற்றுக்கும் விரித்தல் ஆய்வாளர் கடன்.

பனியும் கருப்பொருளும்

புலம்பெயர் படைப்புகளில் பனி பெரும்பாலும் அந்நியத்தின் குறியீடாகவே இடம்பெறுகிறது. விட்டுவந்த வெயில்நிலத்தின் இன்மையை அது உணர்த்துகிறது. பூர்வகுடிப் புனைகதையில் பனியின் பொருள் வேறு. அனிஷினாபே இனத்தைச் சேர்ந்த வாப்கேஷிக் ரைஸின் ‘மூன் ஆஃப் த கிரஸ்டட் ஸ்னோ’ (2018) என்னும் நாவலில் வடபுலச் சிற்றூர் ஒன்றில் குளிர்காலத் தொடக்கத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போகின்றன. வேட்டையும் விறகும் அறிந்தோர் நிலைத்து வாழ, தெற்கிலிருந்து வந்து அடைக்கலம் கேட்கும் அயலான் ஊரின் ஒழுங்கைக் குலைக்கிறான். இங்குப் பனி வாழ்வின் களமாகவும் அறிவின் அளவுகோலாகவும் அமைகிறது. அவ்வூர் மக்களும் பேரேரிகள் சூழ்ந்த தென்புலத்திலிருந்து முன்னர் வடக்கே தள்ளப்பட்டோர் என்பதை நாவல் குறிப்பிடுகிறது. உலகின் முடிவு என்பது தம் மக்களுக்குப் புதிதன்று என அவ்வூர் மூதாட்டி உணர்த்தும் இடம் நாவலின் மையம் எனலாம். இடப்பெயர்வு புலம்பெயர் தமிழர்க்கு மட்டும் உரிய அனுபவமன்று என்பதும் இதனால் பெறப்படுகிறது.

‘இந்தியன் ஹார்ஸ்’ நாவலில் சிறுவன் சாலைக் காக்க முயலும் பாட்டி குளிரில் உறைந்து இறக்கிறாள். அதன்பின் அவன் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அப்பள்ளியின் பனித்தளத்தில் ஆடும் ஹாக்கி ஆட்டமே அவனுக்குச் சிறிது விடுதலையைத் தருகிறது. இழப்பு, விடுதலை ஆகிய இரண்டற்கும் பனியே களமாவது கருதத்தக்கது.

ஹைஸ்லா இனத்தைச் சேர்ந்த ஈடன் ராபின்சனின் ‘மங்கி பீச்’ (2000) மேலைக் கடற்கரையைக் களமாகக் கொண்டது. கடலில் காணாமற்போன தம்பிக்காக ஏங்கும் தமக்கையின் நினைவோட்டமாக அது அமைந்துள்ளது. ஊலிகன் என்னும் சிறுமீனிலிருந்து நெய் எடுக்கும் தொழில் அதில் நுணுக்கமாக விவரிக்கப்படுகிறது. கடல், மீன், இரங்கல் என்னும் மூன்றும் தமிழறிஞர்க்கு நெய்தலை நினைவூட்டும். நெய்தலின் இரங்கல் தலைவன் தலைவியர் காதலைச் சார்ந்தது. இங்கு இரங்கல் உடன்பிறப்பைச் சார்ந்தது. ஆகவே இவ்வொப்புமையை அளவறிந்தே கொள்ளுதல் வேண்டும். எனினும் நிலம், தொழில், உணர்வு ஆகியன பிரிக்க இயலாதவாறு பிணைந்திருத்தல் திணைக்கோட்பாட்டுக்கு மிக நெருக்கமானது. கனடா ஒரே பனிநிலம் அன்று என்பதும், அதனுள்ளும் கானும் கரையும் ஏரியும் வெவ்வேறு மாந்தர்க்கு உரியன என்பதும் இந்நாவல்களால் புலனாகின்றன.

உடன்படிக்கை நிலம்

இலக்கியத்தில் எழும் இவ்வினா சட்டத்திலும் உண்டு. டொரொண்டோ நகரின் பெரும்பகுதி 1787இல் தொடங்கி 1805இல் உறுதிசெய்யப்பெற்ற நிலக்கொள்முதலால் மிசிசாகா மக்களிடமிருந்து பெறப்பட்டது. அக்கொள்முதலின் நேர்மை குறித்த வழக்கில் 2010இல் கனடிய அரசு 14.5 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. ‘சன் சீ’ கப்பல் கரையடைந்த ஆண்டும் அதுவே. ஈழத்தமிழர் தம் நிலத்தை இழந்த கதையை எழுதிய நகரிலேயே மற்றொரு மக்கள் தம் நிலத்திற்காக இரு நூற்றாண்டுகள் வாதிட்டு வந்தனர்.

ஆணையத்தின் 94ஆம் பரிந்துரை குடியுரிமை உறுதிமொழியைத் திருத்துமாறு கோரியது. 2021இல் அது சட்டமாயிற்று. அதுமுதல் கனடியக் குடியுரிமை பெறும் ஒவ்வொருவரும் பூர்வகுடியினரின் உரிமைகளையும் அவர்களுடனான உடன்படிக்கைகளையும் ஏற்பதாக உறுதியளிக்கின்றனர். அங்ஙனம் உறுதியளிக்கும் தமிழரும் அவ்வுடன்படிக்கைகளால் கட்டுண்டவராகின்றனர். அகதியாக வந்தோரைக் குடியேற்றவாதியரோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது. எனினும் துயருற்றோர் என்பதனாலேயே நிலத்தின் முன்வரலாற்றினின்று அவர்கள் விலகி நிற்றலும் இயலாது.

முடிவுரை

ஆறாம் திணை என்னும் கருத்தாக்கம் பனியைக் கண்டது. பனிநிலத்து மாந்தரைப் போதிய அளவு காணவில்லை. பூர்வகுடிப் புனைகதைகள் அவ்விடைவெளியை நிரப்பும் சான்றுகளாகும். தமிழ்த்துறைகளில் புலம்பெயர் இலக்கியம் பாடமாகுமிடத்து, ரைஸ், ராபின்சன், வாகமீஸ் ஆகியோருள் ஒருவரது நாவலேனும் உடன் வாசிக்கப்பெறல் வேண்டும். அவை தமிழில் மொழிபெயர்க்கப்பெறுதல் அதனினும் பயனுடையது. தம் நிலத்தின் பெயர்களையும் மாந்தரையும் காத்துக்கொள்ளப் போராடிய ஒரு மொழியினர், புகுந்த நிலத்தின் பெயர்களையும் மாந்தரையும் அறிந்து எழுதும்போதே ஆறாம் திணை முழுமையான திணையாகும்.