தையற்காரரின் அடுப்பு

அயர்லாந்து இலக்கியம் என்றதும் நம்மவர்கள் யேட்ஸ், ஜோய்ஸ் என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கோ கோர்க் மாவட்டத்தில், கூகேன் பாரா என்னும் ஏரியின் அயலில் வாழ்ந்த கால் ஊனமுற்ற ஒரு தையற்காரரே முதலில் நினைவுக்கு வருகிறார். பெயர் டிம் பக்லி. அவர் நூல் எதுவும் எழுதியவரல்லர். அடுப்பருகே அமர்ந்து கதை சொல்வார். மனைவி அன்ஸ்டி இடைமறித்து ஏசிக்கொண்டேயிருப்பார். கேட்க ஊரும் அயலூரும் கூடும்.

அந்தப் பேச்சை எரிக் குரொஸ் என்பவர் ஆங்கிலத்தில் தொகுத்து, 1942இல் 'தையற்காரரும் அன்ஸ்டியும்' என நூலாக்கினார். மாடு சினைப்படுவதையும் மனிதர் மணப்பதையும் கிராமத்தார் பேசுமாப்போலவே பேசியது அந்நூல். அதே ஆண்டில், 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய ஐவரடங்கிய தணிக்கைச் சபை அதனை ஆபாசமென்று தடைசெய்தது. மேன்முறையீட்டுக்கு அப்போது வழியில்லை.

மேற்சபையில் சேர் ஜோன் கீன் இதனைக் கண்டித்துப் பிரேரணை கொண்டுவந்தார். நூலிலிருந்து பகுதிகளை வாசித்தும் காட்டினார். அப்பகுதிகள் சபையின் உத்தியோகபூர்வ அறிக்கையில் இடம்பெறவில்லை! பிரேரணை பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

பிறகு மூன்று குருமார் அந்தக் குடிசைக்கு வந்தனர். கிழவரை முழந்தாளிடச் செய்து, தன் பேச்சு அச்சேறிய அந்தப் புத்தகத்தைத் தன் அடுப்பிலேயே எரிக்கவைத்தனர். அவரது நண்பரான எழுத்தாளர் பிராங்க் ஓகொனர் இதனைப் பதிவுசெய்திருக்கிறார். குருமாரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நேற்றுவரை கதை கேட்ட அயலவரும் அல்லவா அந்த வாசலை மிதிக்காமல் விட்டார்கள்!

இத்தனைக்கும் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதலாவது அரசகரும மொழியாக்கியிருந்தது. நாட்டார் கதைகளைத் திரட்ட 1935இலேயே அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்திருந்தது. அவ்வாணைக்குழுவின் சேகரிப்பாளரான ஷோன் ஓ குரோனின், இதே தையற்காரர் ஐரிஷில் சொன்னவற்றையும் எழுதியெடுத்தார். அவை 1978இல் நூலாயின. ஒரே வாய்தான்: ஐரிஷில் பேசினால் தேசியச் செல்வம், ஆங்கிலத்தில் அச்சானால் ஆபாசம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் பிரையன் மெரிமனின் 'நள்ளிரவு நீதிமன்றம்' என்ற நெடும்பாடலுக்கும் இதுவே நேர்ந்தது. ஓகொனரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தடைசெய்யப்பட்டது. ஐரிஷ் மூலத்தை எவரும் தொடவில்லை. மொழியைப் போற்றியவர்கள் அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்த்தார்களா என்றே எனக்கு ஐயம்.

ஓகொனரும், 1940இல் 'த பெல்' சஞ்சிகையைத் தொடங்கிய ஷோன் ஓ ஃபாலோனும் உள்நாட்டுப் போரில் குடியரசுக்காக நின்றவர்கள். சுதந்திர அயர்லாந்து அவ்விருவர் நூல்களையும் தடைசெய்தது. நாட்டைவிட்டுப் போய் எழுதியோர் பலர். ஓ ஃபாலோன் உள்ளேயே இருந்து, 'த பெல்' பக்கங்களில் தணிக்கையோடு மல்லுக்கட்டினார். ஜோய்ஸின் வெளியேற்றத்தைக் காட்டிலும் அந்தப் பிடிவாதமே என்னைக் கவர்கிறது.

தையற்காரர் 1945இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் அன்ஸ்டியும் போய்ச் சேர்ந்தார். அவர்களது நூல்மீதான தடை 1960களில்தான் நீங்கியது.