சீமன் தலைக்கு மேலே போன பந்துகள்

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிறு என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். 2002 உலகக் கோப்பைக் கால் இறுதியில் பிரேசிலின் ரொனால்டினோ அடித்த கோலை ஒருவன் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்துவிட்டது. "கீப்பர் தூங்கிட்டான் சார்" என்றான் ஒருவன். "எவன் நின்னாலும் பிடிச்சிருக்க முடியாது சார்" என்றான் மற்றவன். இங்கிலாந்தில் 20 வருடத்துக்கு மேலாக இதே சண்டை நடக்கிறது. அந்தக் கீப்பர் ஏன் அந்த இடத்தில் நின்றார் என்று இருவருமே கேட்கவில்லை. ஓய்வு பெற்றாலும் கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தானே, அதனால் நான் கேட்கிறேன்.

கீப்பர் பெயர் டேவிட் சீமன். (பெயரைப் பார்த்து யாரும் அரசியல் பக்கம் போய்விடாதீர்கள்.) அவர் கதையை 1995-லிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் மே 10. பாரிஸ் நகரில் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கப் வின்னர்ஸ் கப் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் முந்தைய வருடம் கோப்பையை வென்ற ஆர்சனல், மறு பக்கம் ஸ்பெயினின் ரியல் சரகோசா. ஆளுக்கு ஒரு கோல். கூடுதல் நேரமும் முடியப் போகிறது, இன்னும் சில விநாடிகளில் பெனால்டி. ஆர்சனல் ரசிகர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஏனென்றால் அரை இறுதியில் இத்தாலியின் சாம்ப்டோரியாவோடு பெனால்டி வந்தபோது சீமன் மூன்றைத் தடுத்திருந்தார்.

அப்போது வலது ஓரத்தில், கோலிலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி, நயீம் என்ற ஆட்டக்காரரிடம் பந்து வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான செயூட்டா ஊர்க்காரர். தலையைத் தூக்கிப் பார்த்தார், உயரே அடித்தார். சீமன் பின்னாலேயே ஓடினார். கை பந்தில் பட்டது. ஆனாலும் பந்தும் அவரும் சேர்ந்து வலைக்குள் விழுந்தார்கள். 2-1. கோப்பை சரகோசாவுக்கு.

இந்த நயீம் அதற்கு முன் லண்டனில் டாட்டன்ஹாம் அணிக்கு ஆடியவர். டாட்டன்ஹாமுக்கும் ஆர்சனலுக்கும் பங்காளிப் பகை. பிறகு கேட்க வேண்டுமா? டாட்டன்ஹாம் ரசிகர்கள் பாட்டே கட்டிவிட்டார்கள். பாட்டில் நயீம் மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்தே அடித்துவிடுகிறார்! 40 மீட்டர் 50 மீட்டராக வளர்ந்துவிட்டது. கோபமும் குஷியும் சேர்ந்தால் அளவுகோல் நீண்டுவிடும் போலிருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஒரு முக்கோணம்தான்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். 20 மீட்டர் தூரத்தில், நேர் எதிரே ஒருவன் அடிக்கத் தயாராக நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீப்பர் கோட்டிலேயே நின்றால் இடமும் வலமும் 3.66 மீட்டர் காக்க வேண்டும். 5 மீட்டர் முன்னே வந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 2.75 மீட்டர் போதும். அதாவது ஒரே பாய்ச்சலில் எட்டிவிடும் தூரம். வடிவொத்த முக்கோணம், பத்தாம் வகுப்பில் உங்களை நான் படுத்தியதே, அதேதான். அதனால்தான் நல்ல கீப்பர் கோட்டை விட்டு முன்னே வருகிறார். எதிரணி வீரனுக்கு முன்னால் உருட்டிவிடும் பந்தை ஓடிவந்து எடுக்கவும், பக்கவாட்டிலிருந்து வரும் கிராஸைக் கூட்டத்துக்கு நடுவே எகிறிப் பிடிக்கவும் அந்த இடம்தான் தோது. ஒரு பருவம் முழுக்க இப்படித் தடுக்கிற கோல்களை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. விழாத கோலுக்கு ஏது வீடியோ?

இதற்கு அவர் கொடுக்கும் விலை, முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலி இடம். 45 டிகிரி சாய்வில் இறங்கி, குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே நுழையப் போகும் பந்து, கோட்டுக்கு 3 மீட்டர் முன்னால் 5 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும். எந்த மனிதக் கையும் எட்டாது. பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். 40 மீட்டர் தூரத்துப் பந்து காற்றில் இருப்பது ஏறக்குறைய 3 விநாடி. முதல் விநாடி, இது கிராஸா ஷாட்டா என்று தீர்மானிப்பதிலேயே போய்விடும்.

மிச்ச நேரத்தில் கால் எப்படிப் போக வேண்டும் என்பதுதான் நுட்பம். பந்தைப் பார்த்தபடி நெஞ்சைக் காட்டிக்கொண்டு பின்னால் நடந்தால் வேகம் வராது, எகிறவும் முடியாது, உடல் மல்லாந்துவிடும். பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு ஓடி, மேலே இருக்கும் கையால் பந்தைக் கம்பத்துக்கு மேல் தட்டிவிட வேண்டும். சொல்வது சுலபம். மூன்றாம் மாடி உயரத்திலிருந்து இறங்கும் பொருளைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடிப் பாருங்கள். (வேண்டாம், இடுப்பு போய்விடும்.)

2002-க்கு வருகிறேன். ஜூன் 21, வெள்ளிக்கிழமை, ஜப்பானின் ஷிசுவோகா. நமக்கு நண்பகல் 12 மணி, பள்ளிக்கூட நேரம், இரவுச் செய்தியில்தான் பார்த்தேன். ஓவன் இங்கிலாந்துக்கு முதல் கோல் போட்டார், இடைவேளைக்குச் சற்று முன் ரிவால்டோ சமன் செய்தார். 50-வது நிமிடம், கிளேபர்சனை ஸ்கோல்ஸ் தடுத்ததற்காகப் பிரேசிலுக்கு வலது பக்கம் ஒரு ஃப்ரீ கிக். எல்லோரும் எதிர்பார்த்தது கிராஸ். சீமனும் அதற்காகவே கோட்டை விட்டு முன்னே நின்றார். பந்து அவர் தலையைத் தாண்டி மூலைக்குள் இறங்கியது. ஏழு நிமிடத்தில் ரொனால்டினோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியும், பத்து பேர் கொண்ட பிரேசிலை இங்கிலாந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் 38 வயது சீமன் அழுதார்.

ரொனால்டினோ தெரிந்துதான் அடித்தாரா, கிராஸ் தவறிப் போனதா என்பது இன்னொரு சண்டை. சீமன் முன்னே வருவார் என்று அணிக்குள் பேசியிருந்ததாகவும், கோலுக்கே குறி வைத்ததாகவும், ஆனால் பார்த்தது வேறு பக்கத்தை என்றும் அவரே பிற்பாடு சொன்னார். பாதித் திட்டம், பாதி அதிர்ஷ்டம்.

என் தீர்ப்பு கேட்டால்: 1995 கோலுக்குச் சீமன் மேல் குறையே சொல்ல மாட்டேன். 2002-ல் நின்ற இடம் சரி, கால்தான் பிசகியது. பக்கவாட்டில் திரும்பாமல் பின்னடி வைத்துத் தடுமாறினார். இளமையில் ஒருவேளை தட்டிவிட்டிருப்பார். "தூங்கிட்டான்" என்பது மட்டும் அநியாயம்.

இன்னொன்றையும் பாருங்கள். 1997 ஜூன் 3, லியோன் நகரில் பிரான்சுக்கு எதிராக ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக். சுமார் 35 மீட்டர். பந்து வெளியே போகிறது என்று கோலுக்குப் பக்கத்தில் இருந்த பந்து பொறுக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அது வளைந்து வந்து கம்பத்தில் உரசி உள்ளே போனது. பிரெஞ்சு இயற்பியல் அறிஞர்கள் 2010-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்: சுழலும் பந்தின் வேகம் குறையக் குறைய வளைவு இறுகும் என்று. கீப்பர் பார்த்தேஸ் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. அவரை யாரும் திட்டியதில்லை, அடுத்த வருடம் உலகக் கோப்பையே வென்றார். அசையாதவருக்கு மன்னிப்பு, ஓடிப் போய்க் கை வைத்தவருக்குக் கேலிப் பாட்டு! விழுந்து புரளும் ஆளைப் பார்த்தால்தான் நமக்குக் குற்றவாளியாகத் தெரிகிறது.

1970-ல் குவாதலஹாராவில் பெலே தன் பாதியிலிருந்தே அடித்து மயிரிழையில் தவறவிட்டாரே, அப்போது பதறி ஓடியவர் செக்கோஸ்லோவாக்கியாவின் இவோ விக்டர். ஆறு வருடம் கழித்து அவர் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியில் இருந்தார், அந்த வருடச் சிறந்த ஐரோப்பிய வீரர் தேர்விலும் மூன்றாம் இடம். எத்தனை பேருக்குத் தெரியும்?

2002 அக்டோபரில் மாசிடோனியாவோடு நடந்த ஆட்டத்தில் கார்னர் கிக்கே நேராக உள்ளே போய்விட்டது. சீமனின் 75-வது சர்வதேச ஆட்டம், அதுவே கடைசி. ஆனால் 2003 ஏப்ரலில், எஃப்.ஏ. கோப்பை அரை இறுதியில், ஷெஃபீல்ட் யுனைடெட்டின் பெஸ்கிசொலிடோ மிக அருகிலிருந்து தலையால் முட்டிய பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. 39 வயது மனிதர் பின்னால் பாய்ந்து, முதுகுப் பக்கம் போன பந்தை வலது கையால் வாரி வெளியே தள்ளினார். அவருடைய 1000-வது ஆட்டம் அது. அடுத்த மாதம் கோப்பையைத் தூக்கிய கேப்டனும் அவர்தான்.

அந்த வீடியோ கிடைக்கிறது. நம் இரண்டு சண்டைக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு, சீமனின் கால் எப்படிப் போகிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களும் எழுதலாம். மார்க் உண்டு.