கொடுத்த கையும் விற்ற கையும்

"கீரை பயிரிடுவதற்கு ஒரு சர்வகலாசாலை எதற்கு?" என்று கேட்கிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அதற்கு விடை தேட வேண்டுமானால், அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள சாந்தா குரூஸுக்குப் போக வேண்டும்.

அங்கே 1965-ல் புதிதாக ஒரு சர்வகலாசாலை திறந்தார்கள். மாணவர்களுக்கு ஒரு தோட்டம் வேண்டுமென்று தத்துவப் பேராசிரியர் பால் லீக்கு ஆசை. ஏற்ற ஆளைச் சொன்னவர் ஃப்ரேயா மோல்ட்கே அம்மையார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட ஹெல்முத் மோல்ட்கேயின் மனைவி அவர். அவர் சொன்ன ஆள் ஆலன் சாட்விக். 1909-ல் பிறந்த ஆங்கிலேயர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். 1967-ல் வந்து சேர்ந்தார். நடிகருக்குரிய குரலும் கோபமும் அவரிடம் அப்படியே இருந்தன.

கிடைத்ததோ செங்குத்தான சரிவு, இறுகிய களிமண், மேலே பட்டால் அரிப்பெடுக்கும் புதர்கள். யந்திரத்தை சாட்விக் அருகில் சேர்க்கவில்லை. ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வெட்டி மண்ணை எடுப்பது, அதற்குக் கீழே இன்னொரு மண்வெட்டி ஆழத்துக்குக் கிளறிவிடுவது, மக்கிய எருவைச் சேர்ப்பது, பிறகு அந்தப் பாத்தியை யாரும் மிதிக்காமல் காப்பது: இதுவே அவருடைய வித்தை. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கிடையாது. வியட்நாம் யுத்தத்தை எண்ணிக் கொதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், விடியற்காலையில் எழுந்து வந்து அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெட்டினார்கள். கல்லாய்க் கிடந்த சரிவு பூத்துக் குலுங்கியது.

பூத்ததை அவர் விற்கவில்லை; வந்தவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தார். அழகான காரியந்தான். ஆனால் தோட்டம் கற்ற பிள்ளை நாளைக்கு எதைக்கொண்டு பிழைப்பான்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக 1970-களின் தொடக்கத்தில் அதே வளாகத்தில் ஒரு பண்ணை எழுந்தது. சாட்விக்கும் அதே காலத்தில் விடைபெற்றுப் போனார், 1980-ல் காலமானார். பண்ணையில் மாணவர்கள் வேறொரு பாடம் படித்தார்கள். எந்த வாரம் விதைத்தால் எந்த வாரம் அறுக்கலாம், பறித்த கீரை எத்தனை நாழிகை வாடாதிருக்கும், எதற்கு என்ன விலை வைப்பது என்ற கணக்குப் பாடம். சாலையோரம் கடை போட்டார்கள். பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிய குடும்பங்களுக்கு வாரம் ஒரு பெட்டி காய்கறி தரும் ஏற்பாடும் பின்னால் வந்தது.

விற்பனை என்று வந்ததும் வேறொரு சங்கடம் முளைத்தது. ரசாயனம் படாத காய் என்று வியாபாரி சொன்னால் எப்படி நம்புவது? 1973-ல் கலிபோர்னிய விவசாயிகள் சிலர் தாங்களே சங்கம் கூடிச் சான்று வழங்கத் தொடங்கினார்கள். 2002-ல் நாடு முழுவதற்கும் சட்ட விதிகள் அமலுக்கு வந்தன. மூன்று வருஷம் தடைசெய்த ரசாயனம் படாத நிலத்தில் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம்.

அந்தத் தோட்டத்துக்கு இன்று சாட்விக்கின் பெயர். அங்கும் பண்ணையிலும் பயின்று போனவர்கள் ஆயிரத்துக்கு மேல். விலை கேட்கத் தெரியாத குடியானவன் வள்ளலாகலாம். அடுத்த பருவத்துக்கு விதை வாங்க மாட்டான். விலை மட்டுமே தெரிந்தவனோ மண்ணையே விற்றுவிடுவான். இரண்டையும் ஒரே கையில் பழக்குவதற்குத்தான் அந்தச் சர்வகலாசாலை.